கப்ஸ் கோயில்: புதுச்சேரி வானதூதர் அன்னை ஆலயத்தின் வரலாறும் கலைச்செல்வங்களும்

புதுச்சேரி நகரின் கடற்கரைப் பகுதியில், துமாஸ் வீதியை ஒட்டி நிற்கும் வானதூதர் அன்னை ஆலயம், நகரின் பிற கத்தோலிக்க ஆலயங்களோடு ஒப்பிடுகையில் அளவிற் சிறியது. மிஷன் வீதியில் உள்ள, மக்கள் சம்பா கோயில் என்று அழைக்கும் அமலோற்பவ அன்னை பேராலயத்தின் விரிவு இதற்கு இல்லை. தெற்குப் புல்வாரில் 1907இல் கட்டி முடிக்கப்பட்ட இருதய ஆண்டவர் பசிலிக்காவின் கூர்முனை வளைவுகளும் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களும் இதில் இல்லை. ஆயினும், பிரெஞ்சு அரசும் திருச்சபையும் இந்நகரில் எவ்வாறு ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதை அறிய விரும்புவோர்க்கு மற்ற இரு கோயில்களையும்விட இந்தச் சிறு கோயிலே கூடுதலான சான்றுகளைத் தருகிறது. இதன் கட்டடம், இதனுள் இருக்கும் ஓவியம், இதன் கடற்புறத்தில் நிற்கும் சிலை, இதன் எதிரே உள்ள கல்லறை ஆகிய நான்கும் பக்தியின் பொருட்டு மட்டும் தோன்றியவை அல்ல என்பதும், இந்திய மண்ணில் தோற்றுப்போன ஓர் அரசு தன்னை நினைவூட்டிக்கொள்ள விட்டுச் சென்ற ஆவணங்களாகவும் அவற்றைப் படிக்கவேண்டும் என்பதும் இவ்வுரையின் கருத்தாகும்.

ஊர்மக்கள் வழக்கில் இது 'கப்ஸ் கோயில்'. கப்புச்சின் துறவியரின் கோயில் என்பதன் சுருக்கம் அது. அசிசி நகரப் பிரான்சிஸ் தோற்றுவித்த துறவற மரபிலிருந்து, அவருடைய கடும் வறுமை நெறிக்கே திரும்பவேண்டும் என்னும் நோக்குடன் 16ஆம் நூற்றாண்டில் பிரிந்து, 1528இல் திருத்தந்தையின் ஒப்புதலைப் பெற்ற கிளையினரே கப்புச்சின் சபையார். தலையை மூடும் கூம்பு முக்காட்டினால் அப்பெயர் பெற்றவர்கள். பிரான்சிஸ் தம் கைகளாற் பழுதுபார்த்து, தம் முதற் சீடர்களோடு தங்கி, 1226இல் அதன் அருகிலேயே உயிர் நீத்த சிற்றாலயம் அசிசிக்கு வெளியே உள்ளது; அதன் பெயர் வானதூதர் அன்னை ஆலயம். ஆகவே பிரான்சிஸ்கு மரபினர் எங்குச் சென்றாலும் இந்தப் பெயரை உடன் எடுத்துச் செல்வது இயல்பு. பழைய தமிழ்க் கத்தோலிக்க நூல்கள் வானதூதரைச் 'சம்மனசு' என்றே எழுதின. முதியோர் சிலர் வாயில் அச்சொல் இன்றும் உண்டு. இவ்வன்னையின் திருநாள் ஆகஸ்டு 2ஆம் நாள்.

பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் காலூன்றியது 1674இல். வாலிகொண்டபுரத்திலிருந்து பிஜாப்பூர் அரசின் சார்பில் இப்பகுதியை ஆண்ட ஷேர்கான் லோடியின் இசைவுடன் சிற்றூராயிருந்த இவ்விடத்தில் குடியேறிய அவர்களுக்கு, பிரான்சுவா மர்த்தேனின் தலைமையில் ஒரு கோட்டையும் பண்டகசாலையும் நகரும் உருவாயின. அவர்களின் ஆன்மப் பணிக்கு வந்தவர்கள் கப்புச்சின் துறவியர். இப்பங்கில் எழுதப்பட்ட திருமுழுக்கு, திருமணம், இறப்புப் பதிவேடுகளின் சுருக்கம், ஆளுநராகவும் வரலாற்றாசிரியராகவும் விளங்கிய ஆல்பிரேத் மர்த்தினோ முன்னின்று தொடங்கிய பிரெஞ்சிந்திய வரலாற்றுக் கழகத்தால் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சேறியது. அதன் முதல் தொகுதி 1676ஆம் ஆண்டிலிருந்து தொடங்குகிறது. கும்பினி வணிகர், மாலுமிகள், சிப்பாய்கள், அவர்களின் மனைவியர், இந்திய-ஐரோப்பியக் கலப்பில் வந்த தொப்பாசியர் எனப்பட்டோர் ஆகியோரின் பிறப்பையும் இறப்பையும் நூறாண்டுக்கு மேல் தொடர்ச்சியாகக் காட்டும் அப்பதிவேடுகள், தென்னிந்தியச் சமூக வரலாற்றுக்குப் பயன்படவேண்டிய அளவுக்கு இன்னும் பயன்படவில்லை.

கப்புச்சின் துறவியரின் வரலாற்றில் மிகவும் பேசப்பட்ட பகுதி, இயேசு சபையாரோடு அவர்களுக்கு ஏற்பட்ட பூசலாகும். 1693இல் டச்சுக்காரர் கைப்பற்றிய நகரம் 1699இல் மீண்டும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த அதே ஆண்டில், மயிலாப்பூர் ஆயர் புதுச்சேரியின் தமிழ்க் கிறித்தவர்களை, அதாவது அக்கால ஐரோப்பிய ஆவணங்கள் 'மலபாரிகள்' என்று குறிப்பிடும் மக்களை, கப்புச்சின் சபையாரிடமிருந்து பிரித்து இயேசு சபையாரின் பொறுப்பில் விட்டார். கப்புச்சின் சபையாருக்கு எஞ்சியவர்கள் ஐரோப்பியரும் தொப்பாசியரும். ஒரே நகரில், ஒரே மதத்தில், ஒரே சடங்கு முறையில் வழிபட்டவர்கள் இனத்தால் இரு பங்குகளாகப் பிரிந்தது இவ்வாறுதான். இந்தப் பிரிவினைக்குப் பின்னரே நகரின் நடுவே ஓடிய பெரிய வாய்க்காலின் கிழக்கில் வெள்ளையர் பகுதியில் ஒரு கோயில், மேற்கில் தமிழர் பகுதியில் ஒரு கோயில் என்ற அமைப்பு நிலைபெற்றது.

இழந்த உரிமையை மீட்க உரோமைக்கு முறையிட்ட கப்புச்சின் சபையார், தமிழ்க் கிறித்தவர்களிடையே இயேசு சபையார் கைக்கொண்ட நடைமுறைகளையும் குற்றச்சாட்டுகளாக முன்வைத்தனர். திருமுழுக்கில் உமிழ்நீரைத் தொட்டு வைக்கும் சடங்கைத் தமிழர் அருவருப்பர் என்பதால் அதை விட்டுவிட்டது, பிள்ளையார் உருவம் பொறித்த தாலியைத் திருமணத்தில் ஏற்றது, தீண்டப்படாதோர் எனப்பட்டவர்களின் வீடுகளுக்குச் சென்று நோயாளருக்கு அருளடையாளங்களை வழங்க மறுத்தது ஆகியவை அவற்றுள் சில. திருத்தந்தையின் தூதராகச் சீனத்துக்குச் செல்லும் வழியில் 1703 நவம்பரில் புதுச்சேரியில் இறங்கிய ஷார்ல் தொமா மயார் தெ தூர்னோன், பல மாதங்கள் இங்கே தங்கி, 1704 ஜூனில் இந்நடைமுறைகளைத் தடைசெய்யும் ஆணையைப் பிறப்பித்தார். 'மலபார் சடங்குகள்' பற்றிய வழக்கு என்று திருச்சபை வரலாற்றில் இடம்பெற்ற இந்தத் தகராறு, திருத்தந்தை பதினான்காம் பெனடிக்ட் 1744இல் வெளியிட்ட ஆணை மடல்வரை நீடித்தது. இதனிடையே புதுச்சேரியில் பணியாற்றித் திரும்பிய நொர்பேர் என்னும் கப்புச்சின் துறவி, இயேசு சபையாரைத் தாக்கி ஐரோப்பாவில் நூல்களை வெளியிட்டுப் பெரும் கலகத்தையே மூட்டினார்.

இந்தப் பூசலில் கப்புச்சின் சபையாரைச் சாதி எதிர்ப்பாளராகவும் இயேசு சபையாரைச் சாதி காப்பாளராகவும் பார்ப்பது எளிது. ஆனால் அது முழு உண்மை ஆகாது. தமிழ்ப் பங்கின் பொறுப்பு தம் கையில் இருந்திருந்தால் கப்புச்சின் துறவியர் வேறு வகையில் நடந்திருப்பரா என்பதற்குச் சான்று இல்லை. இயேசு சபையாரின் கோயிலில் சாதிக் கிறித்தவரையும் மற்றவரையும் பிரித்து நின்ற சுவர் குறித்து எழுந்த சச்சரவை அந்நகரில் வாழ்ந்த ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் 1745ஆம் ஆண்டுப் பதிவில் எழுதியுள்ளார். வாய்க்காலுக்குக் கிழக்கே இருந்த கோயிலுக்கு அத்தகைய சுவர் தேவைப்படாததற்குக் காரணம், அங்கே வாய்க்காலே சுவராக இருந்ததுதான்.

1761 ஜனவரியில் ஆங்கிலேயரிடம் வீழ்ந்த புதுச்சேரி, கோட்டையும் ஆளுநர் மாளிகையும் தேவாலயங்களும் உட்படத் திட்டமிட்டு இடித்துத் தகர்க்கப்பட்டது. 1765இல் நகரம் திருப்பித் தரப்பட்டபோது பிரெஞ்சுக்காரர் பெற்றது இடிபாட்டுக் குவியலையே. அதன் பின்னும் 1778, 1793, 1803 என அடுத்தடுத்து ஆங்கிலேயர் கைக்கு மாறி, இறுதியில் 1816இல் நிலையாகத் திரும்பியது. எனவே இன்று காணும் ஆலயத்தில் 17, 18ஆம் நூற்றாண்டுக் கட்டடத்தைத் தேடுவது வீண். கப்புச்சின் துறவியரின் பழமைக்கு எஞ்சிய அடையாளங்கள் பெயர்களே: கோயிலுக்கு ஊர் இட்ட பெயர் ஒன்று; இன்று ரொமேன் ரொலான் பெயரில் வழங்கும் வீதிக்கு முன்பு வழங்கிய 'கப்புச்சின் வீதி' என்ற பெயர் மற்றொன்று.

19ஆம் நூற்றாண்டில் இப்பங்கின் நிருவாகம் கப்புச்சின் துறவியரிடமிருந்து தூய ஆவி சபையாருக்கு மாறியது. ஆனால் இனப் பிரிவு மாறவில்லை. ஐரோப்பியருக்கும் அவர்தம் வழியினருக்கும் ஒரு திருத்தூதுப் பொறுப்பாளரும், தமிழ்க் கத்தோலிக்கருக்குப் பாரிஸ் வேதபோதக சபையைச் சேர்ந்த ஆயரும் என ஒரு நகரில் இரு திருச்சபை அதிகாரிகள் இருந்தனர். வாய்க்காலுக்கு மேற்கே, ஆயர் கிளமான் பொன்னான் 1844இல் கூட்டிய மறைமாமன்றம் தமிழ்க் குருக்களை உருவாக்குவதையும் பள்ளிகளைத் திறப்பதையும் தலையாய பணியாகக் கொண்டு, தமிழகத் திருச்சபையின் போக்கையே மாற்றிக்கொண்டிருந்தது. அதே ஆண்டுகளில் வாய்க்காலுக்குக் கிழக்கே நடந்த பெரிய வேலை கட்டடவேலை. 1886இல் திருத்தந்தை பதின்மூன்றாம் லியோ இந்தியாவில் முறையான ஆயர் ஆட்சியை நிறுவிப் புதுச்சேரியைப் பேராயர் இடமாக்கியதை ஒட்டியே இவ்விரட்டை ஆட்சி முடிவுக்கு வந்தது.

இன்றைய ஆலயம் 1855இல் முடிந்தது. வரைந்து கட்டியவர் குடியேற்றப் பகுதியின் பொறியாளராயிருந்த லூயி கேர். கிரேக்க-உரோமைக் கட்டடங்களின் தூண், அரைவட்ட வளைவு, சமச்சீர் ஆகியவற்றை மீட்டெடுத்துப் பயன்படுத்தும் புதுச்செவ்வியல் பாணியில் அமைந்தது இது. சதுர வடிவிலான இரட்டைக் கோபுரங்கள், உட்கூடத்தை மூடும் அரை உருளை வடிவ விதானம், பீடப் பகுதிக்கு மேல் எழும் குவிமாடம் என எல்லாம் அளவோடு நிற்கின்றன. வெளிச்சுவருக்குப் பூசியிருக்கும் இளஞ்சிவப்பும் வெண்மையும் காலை வெயிலில் பார்ப்பவரைக் கவர்வதால், கோயில் பெற்ற புகழில் பாதி நிறத்துக்கே உரியது எனலாம்.

பிரான்சின் லூர்து பசிலிக்காவைப் பார்த்துக் கட்டப்பட்டது இவ்வாலயம் என்று சுற்றுலா வழிகாட்டிகளிலும் அறிமுகக் குறிப்புகளிலும் திரும்பத் திரும்ப எழுதப்பட்டு வருகிறது. கால வரிசையே இக்கூற்றை மறுக்கிறது. பெர்னதெத் என்னும் சிறுமிக்கு அன்னை காட்சியளித்ததாக நம்பப்படுவது 1858 பிப்ரவரியில். அதற்குமுன் லூர்து, பைரனீசு மலையடிவாரத்தில் அறியப்படாத ஓர் ஊர். அங்குப் பாறைக் குகைக்கு மேல் எழுந்த முதல் பசிலிக்கா 1876இல்தான் அர்ச்சிக்கப்பட்டது. அதுவும் கூர்முனை வளைவுகள் கொண்ட கோதிக் பாணிக் கட்டடம். 1855இல் முடிந்த செவ்வியற் கட்டடம் ஒன்று, மூன்றாண்டு கழித்து நிகழ்ந்த காட்சியின் நினைவாக எழுந்த கோதிக் கட்டடத்தைப் பின்பற்றியிருக்க இயலாது. புதுச்சேரியை அடுத்த வில்லியனூரில் 1870களில் லூர்து அன்னைக்குக் கோயில் எழுந்து பெரும் திருத்தலமாக வளர்ந்ததால், பிரான்சு நாட்டு மாதா கோயில் என்றாலே லூர்து என நினைக்கும் வழக்கம் இப்பகுதியில் வேரூன்றியிருக்கலாம். கப்ஸ் கோயிலின் முன்னோர்களைத் தேடவேண்டிய இடம் லூர்து அன்று. பாரிஸ் நகரத்தில் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து எழுந்த செவ்வியற் கோயில்களும், அப்பாணியைப் பாடமாகக் கற்பித்த பிரெஞ்சுப் பொறியியற் பள்ளிகளுமே அவை.

பாணி பிரான்சினுடையது என்றாலும் சுவர் சோழமண்டலக் கரையினுடையது. உட்புறச் சுவரிலும் தூண்களிலும் பளிங்கோ என ஐயுறவைக்கும் மெருகு, முட்டை வெண்கரு கலந்த சுண்ணாம்புப் பூச்சால் வந்தது என்பது இவ்வாலயத்தைப் பற்றி வழங்கும் செய்தி. இக்கரையில் அது புதிதன்று. கிளிஞ்சலையும் சங்கையும் சூளையில் சுட்டு நீற்றிய சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவைத்து, மணலுடன் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டுப் பதப்படுத்தி, முதற் பூச்சின் மேல் மணலற்ற நுண்ணிய பூச்சை முட்டை வெண்கருவோடு குழைத்து இட்டு, அது காயுமுன் மாக்கல் பொடி தூவிக் கூழாங்கல்லால் தேய்த்து மெருகேற்றும் முறையைச் செட்டிநாட்டு வீடுகளைக் கட்டிய கொத்தனார்களும் கையாண்டனர். இப்பூச்சு வழுவழுப்பானது மட்டுமன்று. செங்கற்சுவர் உள்வாங்கிய ஈரம் வெளியேறவும் வழிவிடுவது. உப்புக்காற்று வீசும் கடற்கரையில் சிமெண்டுப் பூச்சு ஈரத்தையும் உப்பையும் சுவருக்குள்ளேயே அடைத்துச் செங்கல்லை உதிர்க்கும். சுண்ணாம்புப் பூச்சு அவ்வாறு செய்யாது. வரைபடத்துக்கு உரிய பொறியாளரின் பெயர் எல்லாக் குறிப்புகளிலும் இருக்க, கட்டடத்தை ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நிற்கவைத்த தமிழ்க் கொத்தனார்களின் பெயர் ஒன்றுகூட அவற்றில் இடம்பெறாதது குடியேற்றக்காலக் கட்டடங்களுக்குப் பொதுவான குறை.

ஆலயத்தின் தலைசிறந்த கலைப்பொருள், பேரரசர் மூன்றாம் நெப்போலியன் அன்பளிப்பாக அனுப்பிய, அன்னையின் விண்ணேற்பைக் காட்டும் எண்ணெய் வண்ண ஓவியம். மண்ணுலக வாழ்வு முடிந்தபின் மரியாள் உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டாள் என்னும் நம்பிக்கையே விண்ணேற்பு. பழைய வழக்கில் மோட்ச ஆரோபணம், பரலோகமாதா திருநாள். திருச்சபை இதை 1950இல்தான் கட்டாய நம்பிக்கைக் கோட்பாடாக அறிவித்தது என்றாலும், விழா பல நூற்றாண்டுகள் பழமையானது; நாள் ஆகஸ்டு 15.

வானதூதர் அன்னையின் பெயர்கொண்ட கோயிலுக்குப் பேரரசரின் பெயரால் ஏன் விண்ணேற்பு ஓவியம் வந்தது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. கிறித்தவக் கலையில், வானதூதர் சூழ மேலெழும் மரியாளைத் தீட்டுவது விண்ணேற்பில்தான். ஆதலால் கோயிலின் பெயருக்கும் படத்துக்கும் பொருத்தம் உண்டு. ஆனால் அரசியற் பொருத்தம் அதைவிட ஆழமானது. பதின்மூன்றாம் லூயி 1638இல் பிரான்சை மரியாளுக்கு அர்ப்பணித்தது முதல் ஆகஸ்டு 15 அந்நாட்டில் அரசவிழாவாகவும் இருந்தது. அதே நாளில் பிறந்தவர் முதலாம் நெப்போலியன். அவரது ஆட்சியில் அந்நாள் 'புனித நெப்போலியன் நாள்' ஆக்கப்பட்டது. அவர் வீழ்ந்ததும் கைவிடப்பட்ட அவ்விழாவை அவருடைய தம்பி மகன், பின்னாளில் மூன்றாம் நெப்போலியன் ஆனவர், 1852இல் நாட்டின் ஒரே தேசியத் திருநாளாக மீட்டார். 1855ஆம் ஆண்டில் ஒரு பிரெஞ்சுக் குடிமகனுக்கு விண்ணேற்பு அன்னையின் உருவமும் பேரரசரின் விழாவும் ஒரே நாளின் இரு முகங்கள். அக்கால பிரெஞ்சு அரசு, ஓவியர்களுக்குச் சமயப் படங்களை வரைய ஆணையிட்டும், புகழ்பெற்ற ஓவியங்களைப் படியெடுக்கச் செய்தும், பேரரசரின் கொடை என்ற பெயரில் நாட்டின் சிற்றூர்க் கோயில்களுக்குக்கூட அனுப்பிவந்தது. ஒரு கொடை, பக்தியையும் பற்றுறுதியையும் ஒருசேர வளர்க்கும் என்பது அரசின் கணக்கு. புதுச்சேரிக்கு வந்த ஓவியத்தை அந்த நெடிய வரிசையில் வைத்தே காணவேண்டும். மன்னர் ஒருவர் தொலைதூரக் கோயில் ஒன்றின் மீது கொண்ட தனிப் பரிவின் விளைவாகக் காண்பது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இதே ஆகஸ்டு 15 பின்னாளில் இந்திய விடுதலை நாளாகவும், புதுச்சேரியில் வாழ்ந்த அரவிந்தரின் பிறந்த நாளாகவும் நகர மக்களுக்கு வேறு பொருள்கள் பெற்றது தற்செயலே. ஆனால் அந்நாளில் கப்ஸ் கோயிலில் விண்ணேற்புத் திருப்பலிக்கு வருவோரும் கடற்கரைச் சாலைக்குக் கொடிவணக்கத்துக்கு வருவோரும் ஒரே தெருக்களில் கலந்து நடப்பதைக் காணலாம்.

ஆலயத்தின் கடற்புறச் சிறு தோட்டத்தில் பளிங்கில் செதுக்கிய ஜான் தார்க் சிலை நிற்கிறது. 15ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயரிடமிருந்து பிரான்சை மீட்கப் படைநடத்தி, 1431இல் ரூவான் நகரில் அவர்களின் ஆளுகையின் கீழ் எரித்துக் கொல்லப்பட்ட இந்த உழவர் மகளுக்கு 1909இல் முத்திப்பேறு பட்டமும் 1920இல் புனிதர் பட்டமும் வழங்கப்பட்டன. முதல் உலகப்போருக்குப் பின் பிரான்சின் ஊர்தோறும் அவள் சிலை எழுந்தது. ஆங்கிலேயர் பலமுறை கைப்பற்றி ஒருமுறை தரைமட்டமாக்கிய நகரில், சுற்றிலும் ஆங்கில இந்தியா சூழ்ந்திருந்த நிலையில், அச்சிலைக்குப் பிரான்சில் இல்லாத ஒரு கூர்மை இங்கு உண்டு. 1814ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கை, இந்தியாவில் பிரெஞ்சுக்காரர் கோட்டை கட்டக்கூடாது, காவலுக்குத் தேவையானதற்கு மேல் படை வைக்கக்கூடாது எனக் கட்டுப்படுத்தியிருந்தது. கோட்டை எழுப்ப முடியாத அரசு கோயிலும் சிலையும் எழுப்பியது. 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சிந்தியாவின் ஆளுநராயிருந்த துய்ப்ளேக்கு 1870இல் திறக்கப்பட்ட சிலையும் இவ்வரிசையைச் சேர்ந்ததே.

ஆலயத்தின் எதிரே உள்ள சிறிய கல்லறைத் தோட்டத்தில் துய்ப்ளேயின் படைத்தலைவரான மார்க்கி தெ புஸ்ஸி அடக்கம் செய்யப்பட்டுள்ளார். எவராலும் ஏறிப் பிடிக்க முடியாதென எண்ணப்பட்ட செஞ்சிக்கோட்டையை 1750 செப்டம்பரில் ஓர் இரவில் கைப்பற்றியவர் இவர். ஐதராபாத் நிசாமின் அவையில் ஏழாண்டு பிரெஞ்சு ஆதிக்கத்தை நிலைநிறுத்தியவர். 1757இல் பொப்பிலிக் கோட்டை அழிவில் தொடர்புடையவராக ஆந்திர மக்களின் கதைப்பாடல்களில் இடம்பெற்றவர். முதுமையில் மீண்டும் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டு, 1783இல் கடலூர்ப் போரை நடத்தி, 1785 ஜனவரியில் புதுச்சேரியில் இறந்தார். லால் பகதூர் சாஸ்திரியின் பெயர் இடப்பட்ட பின்னும் 'புஸ்ஸி வீதி' என்றே சொல்லும் நகர மக்களில் பெரும்பாலோர், அவர் கிடக்கும் இடத்தைக் கடந்து செல்லும்போது அதை அறிவதில்லை. மேற்சொன்ன நான்கில் காலத்தால் முந்தியது இக்கல்லறை. இன்றைய கோயிலுக்கு எழுபது ஆண்டு மூத்தது.

ஐரோப்பியர் பங்காக இருந்த கோயில் தமிழர் பங்காக மாறிய கதை ஒரே நாளில் நிகழ்ந்ததன்று. 1881 செப்டம்பரில் வந்த ஆணை, விரும்பும் இந்தியர் தம் சமயச் சாதி வழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தின் கீழ் வரவும் குடும்பப் பெயர் சூட்டிக்கொள்ளவும் வழிசெய்தது. அவ்வாறு செய்தவர்கள் 'ரெனோன்சான்', அதாவது துறந்தோர், எனப்பட்டனர். காலணியுடன் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமைக்காகப் பாரிஸ்வரை வழக்காடி வென்ற வழக்கறிஞர் பொன்னுத்தம்பி பிள்ளை அவர்களுக்கு முன்னோடி. கிறித்தவரும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் அவர்களுள் மிகுதி. பிரெஞ்சுப் படையில் பணிபுரிந்து ஓய்வூதியத்துடன் திரும்பி, ஊராரால் 'சொல்தா' என அழைக்கப்பட்டோரின் குடும்பங்களும் பின்னர்ச் சேர்ந்தன. 1954 நவம்பரில் ஆட்சி இந்தியாவுக்கு மாறி, 1962 ஆகஸ்டில் அது சட்டப்படி நிறைவேறிய பிறகும் பிரெஞ்சு வழிபாடு இங்கு நிற்கவில்லை. பிரெஞ்சு, தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் திருப்பலி நடக்கும் இக்கோயிலில், பிரெஞ்சுத் திருப்பலியில் பங்கேற்போரிலும் தமிழரே கணிசமானோர்.

இத்தகைய கட்டடத்தைக் காப்பதில் காலந்தாழ்த்த இயலாது. இதே கடற்கரையில் நின்ற, 'மேரி' எனப்பட்ட 19ஆம் நூற்றாண்டின் நகராட்சிக் கட்டடம், பழுதுபார்க்கும் பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்து, பின்னர் புதிதாகக் கட்டவேண்டியதாயிற்று. கப்ஸ் கோயிலைப் பொறுத்தவரை உடனடியாகச் செய்யவேண்டியவை மூன்று உண்டு. சுவரில் பழுது தோன்றும் இடங்களில் சிமெண்டைத் தொடாமல் சுண்ணாம்புப் பூச்சறிந்த கொத்தனார்களைக் கொண்டே வேலை செய்யவேண்டும். விண்ணேற்பு ஓவியத்தின் துணி, சட்டம், பின்புறக் குறிகள் ஆகியவற்றை ஓவியப் பாதுகாப்பில் பயிற்சி பெற்றோர் ஆராய்ந்து, பிரெஞ்சுத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ள அரசுக் கலைப்பணி ஆணைக் கோப்புகளோடு ஒப்பிட்டு முழு விவரப் பட்டியல் தயாரிக்கவேண்டும். லூர்து பற்றிய தவறான செய்தியை எல்லா அறிமுகக் குறிப்புகளிலிருந்தும் நீக்கவேண்டும். முதலிரண்டுக்கும் பணமும் காலமும் தேவை; மூன்றாவதைப் பேராயர் இல்லமும் சுற்றுலாத் துறையும் நாளையே செய்யலாம்.